புதுமனையும் பழமண்ணும்

புதுமனை புகுவோர் சுவரைப் பார்ப்பர். கதவின் வேலைப்பாட்டைப் பார்ப்பர். வளவைப் பார்ப்போர் மிகச் சிலரே. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், வலிகாமத்திலே சிதைந்து கிடந்த எங்கள் பழைய வீட்டை அகற்றிப் புதுவீடு எழுப்பினோம். குடிபுகுந்த அன்று எல்லோரும் உள்ளே மகிழ்ந்திருக்க, அன்னையார் மட்டும் முற்றத்தில் நின்று, "வீடு வந்திட்டுது, என்ரை மண் எங்கை?" என்று கேட்டார்.

அக்கேள்வியின் பொருள் அடுத்த மாரியிலேதான் எமக்கு விளங்கிற்று. பெருமழையையும் விரைவில் உறிஞ்சிய அந்த முற்றத்திலே நீர் நாட்கணக்கில் தேங்கிற்று. நட்ட வாழைக்குட்டி வளராமல் நின்றது. கத்தரியின் இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்க, ஏனைய பகுதி மஞ்சளித்தது.

மண்ணுக்கு நேர்ந்தது என்ன?

வலிகாமத்துச் செம்மண், சுண்ணாம்புக் கற்பாறையின் மீது விரித்த போர்வை போன்றது. அப்போர்வையிலும் உயிர்ச்சத்து மிகுந்தது மேலுள்ள ஆறேழு அங்குலமே. சருகும் சாணமும் உக்கி, புழுவும் நுண்ணுயிரும் உழைத்து, அந்த மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். அதனைக் கெடுக்கவோ சில கிழமைகள் போதும். அத்திவாரத்துக்கும் மலக்குழிக்கும் தோண்டிய அடிமண் மேலே பரவுகிறது. கல்லும் மணலும் ஏற்றிவந்த லொறிகளின் சில்லுகள் மண்ணின் நுண்துளைகளை நசுக்கிவிடுகின்றன. அதன்பின் நீரும் காற்றும் வேரும் உட்செல்ல வழியில்லை. சீமெந்துக் கலவை சிந்திய இடத்தில் காரத்தன்மை மிகுகிறது. அங்கே இரும்புச்சத்து இருந்தும் வேரினால் அதனை எடுக்க இயலாது. எங்கள் கத்தரி மஞ்சளித்தது இதனாலேயே.

நோயறிய ஆய்வுகூடம் தேடி ஓட வேண்டியதில்லை. ஓர் அடி ஆழக் கிடங்கு வெட்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் வற்றாதிருப்பின் மண் இறுகியுள்ளது. ஒரு பிடி மண்ணில் சில துளி வினாகிரி விடுங்கள். நுரைத்தெழுந்தால் சுண்ணாம்பு கலந்துள்ளது. எங்கள் முற்றத்து மண் நுரைத்தது. எவரும் தீண்டாத வேலியோரத்து மண் நுரைக்கவில்லை.

பரிகாரம்

முதலில் கல், சீமெந்துக் கட்டி, ஆணி யாவற்றையும் பொறுக்கி அகற்றினோம். அவற்றை மண்ணுக்குள்ளேயே புதைத்து மறைப்பது நோயை மூடிவைப்பதாகும். பின்னர் ஈரம் அளவாயிருந்த வேளையில் அலவாங்கினால் ஓரடி ஆழம் நெம்பித் தளர்த்தினோம். சேறாயிருக்கும்போது மண்ணைக் கிளறினால் அது மேலும் இறுகும்.

அடுத்து, எம் முன்னோர் கண்ட வழியையே நாடினோம். பூவரசங்குழையையும் பனையோலையையும் தாழ்த்தினோம். உக்கிய மாட்டெருவை இரண்டு மூன்று அங்குலம் பரப்பிக் கொத்தினோம். சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் வெட்டி மண்ணோடு புரட்டினோம். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஈட்டித் தருவன. முற்றத்தைக் கூட்டிச் சருகை எரிக்கும் வழக்கத்தையும் கைவிட்டோம்.

லொறியில் செம்மண் வாங்கிக் கொட்டலாமே என்று அயலவர் சிலர் கூறினர். இறுகிய தரைமேல் புதுமண்ணைப் பரப்பினால் வேர் அதன் அடியிலே முட்டி நிற்கும். அதனினும் பெரிய குறை வேறொன்று. அம்மண் யாரோ ஒருவருடைய தோட்டத்திலிருந்து அள்ளப்பட்டது. எம் முற்றம் செழிக்க இன்னொரு தோட்டம் வெறும் கல்லாவதோ?

பொறுமைக்கு ஒரு சான்று உண்டு. அறிஞர் சாள்ஸ் டார்வின் 1842 இல் தமது இல்லத்துக்கு அருகிலிருந்த நிலமொன்றில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்புவித்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1871 இல் அங்கே அகழி வெட்டியபோது, அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாய்க் கிடந்தன. மண்புழுக்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழக் கால் அங்குல மண்ணை மேலே கொணர்ந்து அவற்றை மூடியிருந்தன. இச்செய்தியை 1881 இல் வெளிவந்த தமது மண்புழு நூலிலே அவர் எழுதியுள்ளார்.

இனி வீடு கட்டப்போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்திவாரம் வெட்டுமுன் மேல்மண்ணை ஆறங்குலம் வழித்தெடுத்து, வளவின் ஒரு மூலையில் உயரமின்றிக் குவித்து, சருகால் மூடிவையுங்கள். லொறி செல்ல ஒரே பாதையை வகுத்து, கலவை குழைக்க ஓர் இடத்தை மட்டும் ஒதுக்குங்கள். வேலை முடிந்தபின் அந்த மண்ணை மீண்டும் விரிக்கலாம். நாம் மூன்று ஆண்டுகள் பட்ட பாட்டை இருநாள் வேலை தவிர்த்திருக்கும்.

சென்ற மாரியில் முற்றத்து நீர் அன்றன்றே வடிந்தது. வாழை குலை தள்ளியுள்ளது. கலவை குழைத்த மூலையில் மட்டும் இன்னும் புல்லும் சரியாக முளைக்கவில்லை. அன்னையார் நாள்தோறும் அங்கே ஒரு கடகம் சருகு கொண்டுபோய்க் கொட்டிவருகிறார்.