கடற்காற்றில் நிற்கும் செட்டிநாட்டு வீடு... இடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம்!

பாகப்பிரிவினை முடிந்ததும் பூர்வீக வீட்டை இடிப்பது சங்கரன்கோவில் உட்பட நம் பக்கத்து ஊர்களில் சகஜமாகிவிட்டது. தேக்குத் தூணும் நிலைக்கதவும் கன அடிக் கணக்கில் பழைய மரக்கடைக்குப் போகும். மிச்சமெல்லாம் பள்ளம் நிரப்ப!

அப்படி இடிபடவிருந்த வீடுகளில் சில, இன்று கடலோரத்தில் கம்பீரமாக நிற்கின்றன. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு 'தட்சிணசித்ரா'வில்!

1984-ல் தெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சி இது. வளாகத்தை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர். 1996-ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு, கேரள மர வீடு எனப் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, லாரியில் ஏற்றி வந்து கைவினைஞர்களை வைத்தே மறுபடி எழுப்பினார்கள். நம் திருநெல்வேலிச் சீமை அக்ரஹார வீடும் அங்கே உண்டு.

வீட்டை எப்படிப் பிரிக்க முடியும்? ரகசியம் ஆசாரிகளின் கையில். அந்தக்கால மரவேலையில் துளைக்குள் கழுந்தைச் செருகி, மர ஆப்பு வைத்து இறுக்குவார்கள். ஆப்பைத் தட்டிவிட்டால், பூட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றலாம். கான்கிரீட்டில் இது நடக்கவே நடக்காது.

கடலோரத்தில் கான்கிரீட்டுக்கு இன்னொரு வில்லன், உப்பு. அது உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும்; கான்கிரீட் வெடித்து உதிரும். கல் தூணுக்குள் கம்பியே இல்லை. எண்ணெய்ப் பசையுள்ள பர்மா தேக்கும் ஈரத்தை நன்றாகவே தாங்கும். ஆனால், கீலும் தாழ்ப்பாளும் இரும்பாக இருந்தால் அவ்வளவுதான்... பித்தளைதான் சரி.

கடலைப் பார்த்தபடி இப்படியொரு வீடு கட்டும் ஆசை வந்துவிட்டதா? கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்காமல் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

ஊரில் பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்கள், ஜே.சி.பி-க்குச் சொல்லும் முன் மரவேலை தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தூண், உத்திரம், நிலை எல்லாவற்றுக்கும் பெயின்ட்டில் நம்பர் போட்டு, கழற்றுவதற்கு முன்பே போனில் படமெடுத்து வையுங்கள். நம்பர் இல்லாமல் குவித்த மரம், விறகுக் குவியல்தான்!

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.