"துக்கம்" எழுத 15 கோடு!
ஒரகடம் வேலைக்கு ஜப்பான் மொழி படிப்பவர்கள் படும் பாடு

"எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்பதைத் தமிழில் சுலபமாக எழுதிவிடலாம். ஜப்பான் மொழியில் இதற்கு "கனஷீ" என்ற ஒரே சொல் போதும். ஆனால் அதை எழுத 15 கோடு போடவேண்டும்!

தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள ஒரகடத்தில், 2010-ம் ஆண்டில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேறு ஜப்பான் கம்பெனிகளும் அந்த வட்டாரத்துக்கு வந்தன. அங்கே வேலை பார்க்க ஜப்பான் மொழி கைகொடுக்கும். சென்னை அமைந்தகரையில், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் சங்கமான ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கிறது.

கீழே இருதயம்!

முதலில் 2 நெட்டுக் கோடு. அவற்றின் இரு பக்கமும் மும்மூன்று குறுக்குக் கோடு. ஆக 8. இதற்கு "அல்ல" என்று பொருள். அதன் கீழே 4 கோட்டில் "இருதயம்" என்ற எழுத்து. இதோடு 12. பிறகு தூண்டில் முள் போல ஒரு "ஷி". கடைசியில் 2 கோட்டில் ஒரு "இ".

மேலே உள்ள "அல்ல" உச்சரிப்புக்காகச் சேர்ந்தது என்கிறார்கள் பண்டிதர்கள். படிப்பவர்களுக்கோ "இருதயம் இருதயமாக இல்லை, அதுதான் துக்கம்" என்று நினைவில் வைப்பது சுலபம். கோபத்தை எழுதினாலும் கீழே இருதயம் வரும். அங்கே மேலே நிற்பது "அடிமை"!

அடுத்தவர் துக்கம்

எழுதப் படித்தால் மட்டும் போதாது. வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது தமிழைப் போலத்தான். அதனால் நம்மவர்களுக்குப் பாதிக் கஷ்டம் குறைகிறது. மீதிக் கஷ்டம் இங்கே இருக்கிறது: "கனஷீ" என்பது தன் துக்கத்துக்குத்தான். அடுத்தவர் மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாதே! ஆகவே "அவர் கனஷீ" என்று சொன்னால் காதுக்கு ஒட்டாது. "கனஷிஸோ தெஸ்", அதாவது "வருத்தமாக இருப்பதுபோல் தெரிகிறது" என்றுதான் சொல்லவேண்டும்.

ஜப்பான் மேலதிகாரியின் வீட்டில் ஒரு சாவு என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் போய் "கனஷீ" என்று நிற்கக் கூடாது. அதற்குத் தனிச் சொல் உண்டு: "கொஷூஷோ ஸமா தெஸ்." மெல்லிய குரலில் இதைச் சொல்லித் தலை குனிந்தால் போதும்.

"அவலம்" உறவா?

ஜப்பான் மொழி அறிஞர் சுசுமு ஓனோ (1919-2008) தமிழும் ஜப்பான் மொழியும் உறவு என்று வாதாடினார். மனம் உருகுவதைக் குறிக்கும் "அவரே" என்ற பழைய ஜப்பான் சொல்லைத் தமிழ் "அவலம்" என்பதோடு ஒப்பிட்டார். மொழி ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. "ஜே.எல்.பி.டி." என்ற ஜப்பான் மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறது. சென்னையிலும் எழுதலாம். அதில் எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஒரு எழுத்தைக்கூடக் கையால் எழுதச் சொல்வதில்லை! ஆனாலும் படிப்பவர்கள் நோட்டு நோட்டாக எழுதித் தீர்க்கிறார்கள். கை பழகாவிட்டால், 8 கோட்டில் எது எங்கே என்று கண்ணுக்கும் பிடிபடுவதில்லை.