மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

பொனற்றை உயர்த்தித் தாங்குகம்பி கொடுத்தாயிற்று. காபரேற்றரின் வாயை மூடியிருந்த காற்று வடிகட்டியையும் கழற்றி மட்கார்ட்டின் மேல் வைத்தாயிற்று. மெக்கானிக்கின் கையில் ஒரு சிறு போத்தல், அதன் அடியில் விரற்கடை உயரத்துக்குப் பெற்றோல். காரின் முன்னால் குனிந்து நிற்கும் பொடியன், பம்பருக்குள்ளால் இரும்புக் கைபிடியைச் செருகிப் பிடித்திருக்கிறான். “தம்பி, இப்ப சுத்து!” நாலைந்து துளி உள்ளே விழுகிறது. இயந்திரம் ஒருமுறை இருமுகிறது, இன்னொரு முறை குலுங்குகிறது, பிறகு பிடித்துக்கொள்கிறது. அதற்கப்பால் அது குடிப்பது பெற்றோல் அல்ல, வீட்டில் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்.

1990களில் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் கண்ட காட்சி இது. 1990 ஜூனில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வருவது நின்றது, பற்றறி வருவது நின்றது, மின்சாரமும் போயிற்று. அந்த வருடங்களில் வீதியில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை: ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர். வயதில் இளைய கார்கள் கொட்டிலுக்குள் கிடக்க, நாற்பது வயதுக் கார்கள் எப்படி ஓடின? விடை அந்தக் காலத்து வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கிலிருந்து தொடங்குகிறது.

ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி. எரிவது திரி என்று நினைக்கிறோம். எரிவது எண்ணெயின் ஆவி. திரி எண்ணெயைச் சிறிது சிறிதாக மேலே இழுத்துச் சுடரின் சூட்டுக்குக் கொடுக்கிறது. சூட்டில் அது ஆவியாகிறது, ஆவிதான் எரிகிறது. திரவமாக இருக்கும்வரை எந்த எண்ணெயும் எரியாது.

பெற்றோலுக்கு இந்தத் திரி உதவி தேவையில்லை. நீரின் உறைநிலைக்கு 40 பாகை கீழேகூடத் தீப்பற்றப் போதுமான ஆவியை அது விட்டுக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய்க்கோ சுமார் 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில்கூடக் காலை நேரத்து இயந்திரம் அந்தச் சூட்டில் இருப்பதில்லை. காபரேற்றர் விசிறும் மண்ணெண்ணெய் துளித்துளியாகவே சிலிண்டருக்குள் போய் பிளக்கை நனைக்கும், பொறி வீணாகும். போத்தலிலிருந்து விட்ட அந்த நாலைந்து துளி பெற்றோலின் வேலை, இயந்திரத்தை முதலில் கிளப்பிச் சூடேறத் தொடங்கவைப்பது.

சூடு பிடித்த பிறகு நடப்பதுதான் அழகு. அந்தக் கால ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்களில் புகை வெளியேறும் குழாயும் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி இருக்கும். வெளியே போகும் புகையின் சூடு உள்ளே வரும் எரிபொருளுக்குத் தாவுகிறது. விளக்கில் சுடரும் திரியும் செய்த வேலையை இங்கே வார்ப்பிரும்பு செய்கிறது. மண்ணெண்ணெய் ஆவியாகிச் சிலிண்டரை அடைகிறது, பொறி பிடிக்கிறது.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு. குளிரில் பற்றமாட்டேன் என்கிற அது, அமுக்கிச் சூடாக்கினால் பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்னே தானாக வெடித்துவிடும். அதன் மூலக்கூறுகள் நீண்ட கரிமச் சங்கிலிகள், அழுத்தத்தில் சட்டென்று உடைபவை. அப்படி முந்தி வெடிக்கும்போது பிஸ்ரனைச் சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை வரும். விட்டுவைத்தால் பிஸ்ரனே போய்விடும். இன்றைய கார்கள் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு அமுக்குபவை, அவற்றுக்கு மண்ணெண்ணெய் நஞ்சு. 1950களின் தொடக்கத்து ஒஸ்ரின் ஏ-40 அமுக்குவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குக்குத்தான். போர்க்காலமும் பங்கீடும் கண்ட இங்கிலாந்தில், தரம் குறைந்த பெற்றோலுக்கென்று வடிவமைத்த இயந்திரம் அது. அந்தப் பொறுமைதான் யாழ்ப்பாணத்தில் கைகொடுத்தது.

மிச்சத்தை மெக்கானிக்கின் காது பார்த்துக்கொண்டது. தட்டும் ஓசை கேட்டால் டிஸ்ரிபியூற்றரைக் கையால் ஒரு நூல் திருப்பிப் பொறியைச் சற்றுப் பிந்தவிடலாம், ஓசை அடங்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் கம்பியை இழுத்து, இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டுவதும் அடிக்கடி செய்ய வேண்டிய வேலை. பற்றறி நலிந்திருந்தாலும் பரவாயில்லை: ஸ்ராட்டரைச் சுற்றும் பலம் அதற்கு வேண்டாம், பொறிக்கு மட்டும் போதும், சுற்றுவதற்குக் கைபிடி இருக்கிறது.

இதே தத்துவத்தை இங்கிலாந்துத் தொழிற்சாலை முறையாகச் செய்து விற்றிருக்கிறது. 1949இல் வந்த ஃபேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகைக்குப் பெற்றோலுக்கு ஒரு தாங்கி, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு இன்னொரு தாங்கி. பெற்றோலில் கிளப்பிச் சூடானதும் குழாயைத் திருப்பி மாற்றுவார்கள். அங்கே பொறியியலாளர்கள் வரைபடம் போட்டு, அமுக்கத்தைக் குறைத்துச் செய்த காரியத்தை, இங்கே வேம்பின் நிழலில், வரைபடமும் உதிரிப்பாகமும் இல்லாமல், கிடைத்த காரில் செய்துகாட்டினார்கள்.

அதைச் செய்ய முடிந்ததற்கு அந்தக் கார்களின் இயல்பும் ஒரு காரணம். எது ஏன் நடக்கிறது என்பதை அவற்றில் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், திருப்புளியால் திருத்தலாம். முன்பே 1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இல்லாத பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்வித்துப் பழகிய கைகள் அவை. கராச்சின் நீண்ட பழக்கமும் இயந்திரத்தின் திறந்த மனமும் சேர்ந்தபோது ஒரு ஊரின் போக்குவரத்து உயிர்தப்பியது.

2002 போர்நிறுத்தத்தோடு பெற்றோல் தாராளமாக வந்தது. இன்று அந்த ஒஸ்ரின்கள் மினுக்கிய பூச்சோடு கல்யாண வீட்டுக்குப் போகின்றன. அவற்றின் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. எந்தக் காருக்குப் பொறியை எவ்வளவு பிந்தவிட்டார்கள், எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார்கள், சூடு போதும் என்று எதை வைத்து அறிந்தார்கள் என்பதெல்லாம் அவர்களின் கையிலும் காதிலும்தான் இருக்கின்றன. அவை ஆய்வுக்கூடம் பார்க்காத அறிவியல் குறிப்புகள். ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டு யாராவது அந்தக் கராச்சுகளுக்குப் போக வேண்டும். இப்போதே போக வேண்டும்.