தஞ்சாவூரிலிருந்து பூம்புகாருக்கு... சைக்கிளில்!

"இந்த வயசுலே சைக்கிளா? அதுவும் மூணு நாளைக்கு! ஊர் சிரிக்காதா?"

என் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்கு வயது 43.

பதில் சொன்னவள் என் அம்மா. "முப்பது வயசுல நான் கத்துக்கிட்டப்பவும் ஊர் சிரிச்சுது, மாப்பிள்ளே. அப்புறம் அதே ஊருதான் ஒதுங்கி வழிவிட்டுச்சு. போயிட்டு வரட்டும்!"

அம்மாவுக்குப் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுத் தந்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். 1992 மகளிர் தினத்தையொட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்தபடி ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

"காவேரி கடல்ல சேர்ற இடம் வரைக்கும் மிதிச்சுப் போகணும்னு ஆசைடி" என்பாள் அம்மா. இப்போது மூட்டுவலி, மாடிப்படி ஏறவே முடியவில்லை. அவளுக்காகத்தான் நான் புறப்பட்டேன். நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள்.

ஆசை மட்டும் போதுமா? ஒரு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்கினோம். விடியற்காலையில் 5 கிலோமீட்டர். மெல்ல மெல்லக் கூட்டி 25 வரை. ஸீட் உயரம் முக்கியம், சகோதரிகளே! பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஸீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம். சுமையைப் பின் கேரியரில் கட்டுங்கள். ஹாண்டில்பாரில் பை தொங்கவிட்டால் சைக்கிள் தடுமாறும். பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு மாற்று ட்யூப் அவசியம். புடவையும் துப்பட்டாவும் செயினில் சிக்கும். சுடிதாரின் கால் பக்கத்தை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டோம். வழியில் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீரோ நீர்மோரோ குடித்தோம்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் காலை 5 மணி. வாசலுக்கு வந்தால், என் கணவர் டயரை அமுக்கிப் பார்த்துக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறார்! "பின் சக்கரத்துல கொஞ்சம் குறைஞ்சிருந்துது" என்றார், என்னைப் பார்க்காமலே.

திருவையாற்றுக்குள் நுழைவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். காரில் போகும்போது ஒருநாளும் எண்ணியதில்லை. சம்பா அறுவடைக் காலம். வழியெல்லாம் வைக்கோல் வாசனை. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம். நெல்மணியில் சக்கரம் வழுக்கிவிடும்.

முதல் நாள் கும்பகோணம், இரண்டாம் நாள் ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறை. இரண்டு இடங்களிலும் உறவினர் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாள் காலையில் பூம்புகார். மேட்டூர் அணையை மூடிவிட்டதால் காவிரி மெலிந்துதான் இருந்தது. ஆனாலும் காவிரிதானே!

அம்மாவுக்குப் போன் செய்து, அலைப்பக்கம் நீட்டினேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "காலு வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

வலித்தது. "இல்லேம்மா" என்றேன்.

உங்கள் வீட்டு மூலையிலும் ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறதா? நாளைக் காலையில் முதலில் காற்று அடித்துப் பாருங்களேன்!