விடுமுறையில் ஒரு விரதம்

விடுமுறைக்குப் புறப்படும் மனிதன் பெட்டிக்குள் எதையெல்லாமோ எடுத்து வைக்கிறான். எடுக்க மறப்பது ஒன்றே ஒன்றுதான்; அது, வீட்டில் இருந்தபோது அவன் கட்டிக் காத்த ஒழுங்கு. பத்து நாள் கழித்துத் திரும்புகையில் பெட்டி மட்டுமன்றி அவனும் கனத்துப் போயிருக்கிறான். இதில் வியப்பு என்னவென்றால், ஏறுகிற நிறை அப்படியொன்றும் அதிகமன்று. அமெரிக்காவில் 122 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்று முதல் மூன்று வார விடுமுறையில் அவர்கள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராமே கூடினார்கள் என்று கண்டது. ஆனால், ஆறு வாரம் சென்ற பின்னரும் அந்த நிறை இறங்கவில்லை. விருந்தாளியாக வந்தது வீட்டுக்காரனாகத் தங்கிவிட்டது!

சென்ற மார்கழியில் உடப்புக்குப் புறப்பட்டபோது எனக்கு இந்த அச்சம் மிகுதியாகவே இருந்தது. வயது 54, நீரிழிவு தொடங்கி நான்கு ஆண்டு. வைத்தியரின் கண்டிப்பினால் ஏழு மாதம் பாடுபட்டு 86 கிலோவிலிருந்து 81 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். நம் போன்ற தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது வைத்திய நூலார் கணக்கு. அந்த எல்லையை அடைய எனக்கு இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. இது அழகுக்கான ஆசையன்று. எங்கள் தந்தையார் வலது காலை இழந்தது இந்த நோயினால்தான். அது தொடங்கியதும் சுண்டுவிரலில் ஒரு சிறு புண்ணாகத்தான்.

சிலாபத்திற்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாக நீண்டு கிடக்கும் தமிழூர் உடப்பு. அங்கே வாழ்க்கைப்பட்டவர் என் தமக்கையார். அவருடைய அன்பு சோற்றகப்பையின் வழியாகவே வெளிப்படும். சிவப்பரிசிச் சோறு, பாரைக் குழம்பு, இறால் பொரியல், நெத்தலிச் சொதி. இலையை மூடுமுன் இரண்டாம் அகப்பை வந்து விழுந்தது.

"வைத்தியர் வேண்டாமென்றிருக்கிறார், அக்கா."

"வருஷத்தில் ஒருமுறை வருகிறாய், தம்பி. உனக்குமா நான் அளந்து போடவேண்டும்?"

அவர் கண் கலங்கியது. அன்று இரண்டாம் அகப்பையையும் உண்டேன். இரவில் உறக்கம் வரவில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பத்துக் குறள்களில் ஆறில் உண்ணும் முறையைத்தான் பேசுகிறார். ஆனால் அன்போடு பரிமாறும் உடன்பிறப்பின் கையை எப்படித் தடுப்பது? விடை அந்த ஊரிலேயே இருந்தது. ஆண்டுதோறும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் விழா நடக்கும், பாரதம் படிப்பார்கள், தீமிதிப்போடு அது நிறைவுறும். தீயில் இறங்குவோர் காக்கும் விரதத்தை எந்த வீட்டாரும் குலைக்கத் துணிய மாட்டார்கள். மறுநாள் காலை தமக்கையாரிடம், "இதை ஒரு விரதமென்று வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. அப்பாவின் காலை நினைத்து எடுத்தது" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா? எதெது ஆகும், எதெது ஆகாது, சொல்" என்றார். பத்தியம் என்றால் இரங்கும் நெஞ்சம், விரதம் என்றால் காவல் நிற்கிறது!

விதிகளை மூன்றே மூன்றாகச் சுருக்கிக்கொண்டேன். தட்டில் பாதி மரக்கறி, கால் பங்கு மீன், கால் பங்கு சோறு, தேத்தண்ணீரில் சீனி இல்லை, விடியலில் நடை. நிறையைக் குறைக்க வேண்டுமென்று எண்ணவில்லை. ஏறாமற் காப்பதே நோக்கம். விடுமுறையில் பேராசைப்பட்டவன் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் கைவிடுகிறான்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கடற்கரை மணலில் அது எளிதாகவே கைகூடும். பொதி மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைப் போல் இரு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறதென்று ஆய்வாளர் அளந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் கரைவலை இழுக்கிறவர்கள் என்னையும் அழைத்தார்கள். அவர்களுடைய அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடந்தேன். கால் மணிக்குள் தோளும் தொடையும் நடுங்கின. எழுபதை எட்டிய ஒருவர் பாட்டை நிறுத்தாமலே என்னைப் பார்த்துச் சிரித்தார். பல கரைகளில் இன்று உழவு யந்திரம் வலையை இழுக்கிறது. அது அவர்களுடைய முதுகுக்கு ஆறுதல்தான். ஆனால் நகரத்து நாமோ, இழுக்க வலையின்றி, இழுப்பதற்கென்றே பணங்கொடுத்து யந்திரம் வாங்கி வைக்கிறோம்.

புத்தளத்துக் கரையில் 1344இல் வந்திறங்கிய இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி அளித்த பல்லக்கோடு சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டார். இன்றோ, கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டார் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கி உடல் வருத்துவதையே ஓய்வென்கிறார்கள். ஓய்வு என்பதன் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

ஆறாம் நாள் விடியலில், "நீங்களும் வாருங்கள், அக்கா" என்றேன். ஏதேதோ சாக்குச் சொன்னார். அப்போதுதான் அவருடைய இடது பாதத்தில் சுற்றியிருந்த துணியைக் கவனித்தேன். அவிழ்க்கச் சொன்னேன். சிப்பி கீறிய புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "வலிக்கவேயில்லை, தம்பி, அதனால்தான் விட்டுவிட்டேன்" என்றார்.

வலிக்காததுதான் என்னை நடுங்கச் செய்தது. நீரிழிவு நரம்பை மரக்கச் செய்யும். காலில் முள் ஏறினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. தந்தையாரும் இதே சொற்களைத்தான் சொன்னார். அன்றே சிலாபத்துக்கு அழைத்துச் சென்றேன். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. அதுநாள் வரை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள். "இன்னும் சில வாரம் கழித்து வந்திருந்தால்..." என்று தொடங்கிய வைத்தியர், வாக்கியத்தை முடிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது தமக்கையார் என் கையைப் பற்றிக்கொண்டு, "உன் விரதத்தில் எனக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டார்.

கொழும்பு திரும்பித் தராசில் ஏறினேன்: 81 கிலோ 200 கிராம். வெற்றியென்று பறைசாற்ற இதில் ஒன்றுமில்லை, தோல்வியுமில்லை. சென்ற மாதம் தமக்கையார் தொலைபேசியில் பேசினார். புண் ஆறிவிட்டதாம், வைத்தியரும் நடக்கலாமென்று சொல்லிவிட்டாராம். இப்போது விடியலில் செருப்பணிந்து கரையோரம் நடக்கிறாராம். வெறுங்காலோடு இறங்குவதில்லையாம், இரவில் பாதத்தை விளக்கொளியில் பார்த்த பின்புதான் படுக்கிறாராம்.

"அடுத்த மார்கழிக்கு வா. அளந்தே போடுகிறேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து இத்தனை அன்பான சொல்லை நான் முன்பு கேட்டதில்லை.