வேலையை விட்டவரின் மாட்டு வண்டி

மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் படைவீரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிராக நடந்த போரில் பங்கெடுத்துத் திரும்பியவர், படைப் பணியை விட்டுவிட்டுப் பெங்களூர் கன்டோன்மென்ட்டில் குடியேறினார். குளிர்ந்த காற்றுக்கும் தோட்டம் சூழ்ந்த வீடுகளுக்குமாக வெள்ளைக்கார அதிகாரிகள் தேடிவந்து தங்கிய ஊர் அது. மிச்சக் காலத்தை அங்கேயே சுகமாகக் கழித்திருக்கலாம். ஆனால் 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் பக்கம் புறப்பட்டார். கோலார்த் தங்கவயலின் நவீன வரலாறு அந்த வண்டித் தடத்திலிருந்துதான் பெருகியது.

அந்த நூற்றாண்டில் பார்த்த வேலையை உதறிவிட்டு உலகம் சுற்றக் கிளம்பியவர்களில் பலரை இழுத்தது தங்கம். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் மாலுமிகள் கப்பல்களை சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்திலேயே விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அதே கதை. மெல்போர்னில் காவலர்களும் அலுவலக எழுத்தர்களும் வேலையை விட்டுப் போனார்கள். 1861இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ. லாவெலுக்குச் சுரங்கத்தின் மீது ஆசை விழுந்தது நியூசிலாந்தில்தான் என்பார்கள்.

அவருக்கு வழிகாட்டியது சுமார் எழுபது ஆண்டு பழைய அறிக்கை. 1799இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் அரசின் எல்லைகளை அளக்க அனுப்பப்பட்டவர்களில் லெப்டினன்ட் ஜான் வாரன் ஒருவர். கோலார்ப் பகுதி மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சு 1802இல் அவர் காதுக்கு எட்டியது. காட்டுபவர்களுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். ஊர்மக்கள் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரிலேயே நீரில் அலசிப் பொன் துகளைப் பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பகுதியிலுள்ள மாரிகுப்பத்தின் பழைய குழிகளில் உள்ளூர் ஆட்கள் இறங்கி வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். பொன் இருக்கும் இடத்தை அறிந்திருந்தவர்கள் அவர்களே. வாரன் அதை எழுதிவைத்தார். லாவெல் அதைப் படித்தார். வரலாற்றில் இந்த இருவரின் பெயர்கள் நின்றன, மண் அலசிக் காட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை. இது பெரிய அநியாயம்.

வாரனும் ஓரிடத்தில் தங்காதவர்தான். பிரெஞ்சு வழிவந்த அவர் சிலகாலம் சென்னை வானாய்வுக் கூடத்தைக் கவனித்தார். நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்சுக்குப் போனார். மறுபடி இந்தியாவுக்கே வந்து புதுச்சேரியில் தங்கினார். தென்னாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளை விளக்கும் அவருடைய ‘காலசங்கலிதம்’ 1825இல் சென்னையில் அச்சானது.

லாவெலின் வழி அவ்வளவு எளிதாக இல்லை. இரண்டாண்டு சுற்றி அலைந்து மண்ணையும் பாறையையும் பார்த்த பிறகு, 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். மைசூர் அப்போது பிரிட்டிஷ் கமிஷனர் ஆட்சியில் இருந்தது. தங்கம் அங்கே லாபகரமாகக் கிடைக்கும் என்று அதிகாரிகள் நம்பவில்லை. நிலக்கரி தேடுவதானால் தருகிறோம் என்றார்கள். லாவெல் விடாமல் எழுதி, 1875இல் இருபதாண்டு உரிமை பெற்றார். ஊரிகம் அருகே குழி தோண்டவும் தொடங்கினார். கையிலிருந்த பணம் பாறைக்குள் போய் மறைந்தது. ஆழச் சுரங்கம் ஓர் ஆளின் சேமிப்பில் நடக்கிற காரியமல்ல: நீர் இறைக்க எந்திரம், பாறை பிளக்க வெடிமருந்து, பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, பொன் வரும்வரை காத்திருக்க முதல் வேண்டும். 1877இல் உரிமையைப் பெரஸ்ஃபோர்டு என்ற படை அதிகாரியின் குழுவிடம் மாற்றிக் கொடுத்தார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நுழைந்தது. அவர்களுக்கும் முதல் சில ஆண்டுகள் நட்டந்தான்; பிறகே சாம்பியன் என்று பெயர் பெற்ற வளமான தங்க ரேகை பிடிபட்டது. லாவெல் பெயரை இன்று தாங்கி நிற்பது பெங்களூரின் லாவெல் சாலை.

அந்த ரேகையைத் தொடர்ந்து கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து கூலிக்கு வந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் குடியேறின. இவர்களும் ஊரை விட்டுப் புறப்பட்டவர்களே; ஆனால் உலகம் பார்க்க அல்ல, பண்ணையாரின் நிலத்திலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பிக்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியாழத்துப் பாறையின் சூடு, திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் விபத்து, நுரையீரலில் படிந்து மூச்சை அடைக்கும் சிலிக்கா தூசி: ஒவ்வொரு ஷிப்டிலும் இவற்றோடுதான் வேலை. சுரங்கத்தை விட்டு ஆரோக்கியமாக வெளிவருவதே பலருக்குக் கைகூடவில்லை.

சுரங்கங்கள் 1956இல் அரசுடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தரம் குறைந்து, செலவு ஏறி, 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டன. லாவெல் தானாக வேலையை விட்டார். தங்கவயலில் வேலை மனிதர்களை விட்டுப்போனது. நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் கைக்கு வந்த தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முன்கூட்டியே கிடைத்த ஓய்வு என்று அதற்குப் பெயரிடுவது தவறு.

அதன்பின் தங்கவயலில் பயணம் என்றால் பெங்களூர் ரயில்தான். விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ஏறி, பங்காருபேட்டை வழியாக நகரத்துக்குப் போய், கட்டட வேலையோ காவலர் வேலையோ தையல் வேலையோ பார்த்து, இருட்டிய பின் திரும்புகிறார்கள். லாவெலின் மாட்டு வண்டி வந்த அதே தூரத்தை ஆயிரக்கணக்கானோர் தினமும் எதிர்த்திசையில் கடக்கிறார்கள்.

(தொடரும்)