இது இளையராஜா பாட்டு இல்லீங்க!

பம்பாய் இசையமைப்பாளர்களின் பிற்காலப் பாடல்கள்... கொடைக்கானல் காற்றில் ஒரு தேடல்

வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதையில் ஏற ஆரம்பித்தால் செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பாதி டவுன்லோடான பாட்டு வளைவுக்கு வளைவு திக்கித் திணறும். ஆனால் வழியில் இருக்கும் டீக்கடையில் ஒரு பழைய ரேடியோ இருந்தால், அது மட்டும் கொஞ்சமும் பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருக்கும். கொடைக்கானல் பண்பலை, 100.5.

பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் பயணிக்கும். கோபுரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் கேட்கும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். அந்த உச்சியிலிருந்து 10 கிலோவாட் திறனில் ஒலிபரப்பினால் மதுரை, தேனி, திண்டுக்கல் மட்டுமல்ல, திருச்சி, கரூர், கோவை பக்கமெல்லாம் கேட்கும். கேரளத்தின் இடுக்கி மலைகளிலும் எட்டிப் பார்க்கும். தறி ஓட்டுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், இரவுக் காவலர்கள் என்று இந்த நிலையத்துக்குக் கிடைத்த நேயர்கள் ஏராளம்.

வானொலியில் இன்னும் விடாமல் காக்கும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாட்டு போடும் முன் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். செல்போன் செயலிகளில் இந்த விவரம் சில சமயம் இருக்காது, சில சமயம் தப்பாகவே இருக்கும். அறிவிப்பாளர் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் சில ஆச்சரியங்கள் ஒளிந்திருக்கின்றன.

உதாரணத்துக்கு, எஸ்.ஜானகி பாடிய ‘பன்னீரில் நனைந்த பூக்கள்’. 1980களில் வளர்ந்தவர்களுக்கு இது காலை நேரப் பாட்டு. யார் இசை என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் இளையராஜா என்பார்கள். மோகன், நதியா, ஜானகி என்றால் வேறு யாராக இருக்க முடியும் என்ற கணக்குதான்.

இசை, லக்ஷ்மிகாந்த் - பியாரிலால்!

படம் ‘உயிரே உனக்காக’, 1986. தயாரிப்பாளர் கோவைத்தம்பி அதுவரை ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘இளமைக் காலங்கள்’, ‘நான் பாடும் பாடல்’, ‘உதயகீதம்’, ‘இதயக்கோவில்’ என்று இளையராஜாவின் பாட்டுகளை நம்பியே வெள்ளிவிழாக்கள் கண்டவர். அவர் திடீரென்று பம்பாய்க்குப் போய் இந்தியின் பெரிய ஜோடியை அழைத்து வந்தார். 1963-ல் ‘பாரஸ்மணி’யில் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் இந்தி இசையை ஆண்டவர்கள் அவர்கள். கே.பாலசந்தர் 1981-ல் ‘ஏக் தூஜே கே லியே’ எடுத்தபோது எஸ்.பி.பி.யை இந்தியில் பாட வைத்து, அவருக்குத் தேசிய விருது கிடைக்கக் காரணமாக இருந்ததும் இவர்களின் மெட்டுதான்.

‘பன்னீரில்’ பாட்டை இனி கேட்கும்போது ஜானகியின் குரலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வயலின்கள் கூட்டமாக எழுந்து வந்து குரலைத் தாங்கிப் பிடிக்கும். நாலைந்து பேர் வாசித்தால் போதும் என்கிற இடத்தில் ஒரு படையையே உட்கார வைப்பது லக்ஷ்மி - பியாரியின் வழக்கம். ராஜாவிடம் வயலின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இவர்களிடம் எல்லாம் ஒரே குரலில் பாடும். இந்த வித்தியாசம் ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு குழப்பமே வராது.

இதே ஜோடி அதற்கு முந்தைய ஆண்டு செய்த ஒரு வேலை தமிழ்நாட்டில் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ‘சங்கராபரணம்’ படத்தை கே.விஸ்வநாத்தே இந்தியில் ‘சுர் சங்கம்’ என்ற பெயரில் 1985-ல் எடுத்தார். சோமயாஜுலு இடத்தில் கிரிஷ் கர்னாட். கே.வி.மகாதேவனின் இசை தெற்கே மூலை முடுக்கெல்லாம் ஒலித்த பிறகு, அதே கதைக்கு இசையமைப்பது என்பது கையைச் சுட்டுக்கொள்ளும் காரியம். லக்ஷ்மி - பியாரி அந்தப் போட்டிக்கே போகவில்லை. கர்னாடக சங்கீதத்தை நகல் எடுக்காமல், காசிக்குப் போனார்கள். மிஸ்ரா சகோதரர்களில் மூத்தவரான ராஜன் மிஸ்ராவை அழைத்து வந்து, கதாநாயகனுக்கு இந்துஸ்தானிக் குரல் கொடுத்தார்கள். படம் ‘சங்கராபரணம்’ அளவுக்கு ஓடவில்லை. பாட்டுகளும் அதோடு போயின. அதே ஆண்டுகளில் இவர்கள் அச்சில் வார்த்ததுபோல் டஜன் கணக்கில் மசாலாப் பாட்டுகள் போட்டார்கள் என்பதும் உண்மைதான். அந்தக் குவியலுக்குள் இப்படி ஒன்று கிடப்பதுதான் வருத்தம்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்

லக்ஷ்மி - பியாரிக்கு ஏழு வருடம் முன்பே இன்னொரு பம்பாய்க்காரர் தமிழுக்கு வந்து போனார். சலீல் சௌத்ரி. வங்காளி. அப்பா அசாம் தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். ஊரைவிட்டுப் போன ஒரு ஐரிஷ் டாக்டர், தன் கிராமபோனையும் மேற்கத்திய இசைத்தட்டுகளையும் அப்பாவிடம் விட்டுச் செல்ல, மலையும் மழையும் சூழ்ந்த வீட்டில் மொஸார்ட்டைக் கேட்டு வளர்ந்த பையன். வெளியே போனால் தோட்டத் தொழிலாளர்களின் நாட்டுப்பாட்டு. இந்த இரண்டும் கலந்த ரசாயனம்தான் சலீல்.

‘மதுமதி’, ‘ஆனந்த்’ எல்லாம் ஊரறிந்தவை. மலையாளத்தில் ‘செம்மீன்’ இன்னும் அதிகம். ஆனால் பாலு மகேந்திரா தன் முதல் தமிழ்ப் படமான ‘அழியாத கோலங்கள்’ எடுத்த 1979-ல், இந்தியில் சலீலுக்குப் பெரிய வாய்ப்புகள் குறைந்திருந்தன. அமிதாப் காலத்து சண்டைப் படங்களுக்கு அவருடைய மெல்லிய சங்கதிகள் ஒத்துப்போகவில்லை. பாலு மகேந்திராவுக்கு அவர் புதியவர் இல்லை. ஒளிப்பதிவாளராகத் தொடங்கிய ‘நெல்லு’ படத்துக்கே சலீல்தான் இசை. லதா மங்கேஷ்கர் மலையாளத்தில் பாடிய ஒரே பாட்டு இருக்கும் படம் அது.

‘அழியாத கோலங்கள்’ படத்தில் எஸ்.பி.பி. பாடும் ‘நான் எண்ணும் பொழுது’ பாட்டைக் கேட்டவர்களுக்கு எங்கேயோ கேட்ட ஞாபகம் வரும். ‘ஆனந்த்’ படத்தில் லதா பாடிய மெட்டு அது. வங்காளத்திலும் உண்டு. சலீல் தன் மெட்டுகளை ஊர் ஊராக எடுத்துப்போவார். காப்பி அடிக்கிறார் என்று இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் புது வீடு கட்டித்தான் குடிவைப்பார். லதா பாடும்போது அது பிரிவில் தவிக்கும் பெண்ணின் பாட்டு. எஸ்.பி.பி. பாடும்போது, வளர்ந்துவிட்ட ஒருவன் தன் ஊரையும் சிறுவயதையும் திரும்பிப் பார்ப்பது. மெட்டு ஒன்றுதான், வயசுதான் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடம்கூட ஆகாது.

அதே படத்தில் ஜெயச்சந்திரனும் சுசீலாவும் பாடும் ‘பூவண்ணம்’ பாட்டு இன்னொரு அதிசயம். எளிமையாகத் தொடங்கும் மெட்டு, எதிர்பாராத இடத்தில் படியேறி, எதிர்பாராத இடத்தில் இறங்கும். கூடவே பாட முயற்சி செய்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

சலீலின் குழுவில் கிடார் வாசித்தவர்களில் ஒரு இளைஞர், பழனி மலைத் தொடருக்குத் தெற்கே, தேனிப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து போனவர். பெயர் சொல்லத் தேவையில்லை. பாலு மகேந்திராவின் அடுத்த தமிழ்ப் படமான ‘மூடுபனி’க்கு அந்த இளைஞர்தான் இசை. அது அவருக்கு 100-வது படம். ஆக, ராஜா பாட்டு என்று நினைத்து சலீல் பாட்டை ரசிப்பவர்களை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கத்தான் செய்கிறது.

மறு ஆண்டே கே.விஜயன் இயக்கத்தில் விஜயகாந்த் நடித்த ‘தூரத்து இடிமுழக்கம்’ படத்துக்கும் சலீல் இசையமைத்தார். யேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘உள்ளமெல்லாம்’ என்று தொடங்கும் டூயட் அதில்தான். விஜயகாந்த் ரசிகர்களிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்.

60 வயதில் இரண்டாவது ஊர்

ஓர் இசையமைப்பாளரின் பிற்காலப் பாட்டுகள் ஏன் காணாமல் போகின்றன? பாட்டு மோசம் என்பதால் அல்ல. படம் ஓடாது, கேசட் மறுபதிப்பு வராது, ரேடியோவுக்கு இசைத்தட்டு போய்ச் சேராது. அதைவிட முக்கியமாக, ரசிகர்களான நாம் ஒவ்வொருவரையும் ஒரு காலத்தில் நிறுத்தி ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறோம். நௌஷாத் என்றால் ‘பைஜு பாவ்ரா’, ‘முகல்-ஏ-ஆஸம்’. அவர் 1988-ல் ‘த்வனி’ என்ற மலையாளப் படத்துக்கு, யூசுபலி கேச்சேரியின் வரிகளுக்கு, யேசுதாஸையும் சுசீலாவையும் வைத்து இசையமைத்தார் என்றால் பலரும் நம்புவதில்லை. 2005-ல் ‘தாஜ்மஹால்’ படத்துக்கு இசையமைத்தபோது அவருக்கு 85 வயது.

இந்த ஃபிரேமை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் ஒருவர் உண்டு. ரவி. ‘சௌத்வி கா சாந்த்’, ‘வக்த்’ படங்களின் இசையமைப்பாளர். சென்னைக்கு அவர் அந்நியர் இல்லை. ஜெமினியின் ‘கரானா’, ஏவி.எம்.மின் ‘மெஹர்பான்’, நம்ம ‘குழந்தையும் தெய்வமும்’ இந்திக்குப் போன ‘தோ கலியான்’ என்று இங்கிருந்து எடுக்கப்பட்ட இந்திப் படங்களுக்கு அவர்தான் இசை. ‘கரானா’வுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார்.

1982-ல் வந்த ‘நிக்காஹ்’ படத்துக்குப் பிறகு இந்தியில் டிஸ்கோ அலை. ஓய்வு பெற்றுவிட்டார் என்றே நினைத்தார்கள். 1986-ல், 60 வயதில், இயக்குநர் ஹரிஹரன் அவரை மலையாளத்துக்கு அழைத்து வந்தார். ‘பஞ்சாக்னி’, ‘நகக்ஷதங்கள்’. எழுத்து எம்.டி.வாசுதேவன் நாயர், பாடல்கள் ஓ.என்.வி.குறுப். மொழி தெரியாத ரவி, வரிகளை வாங்கி, அர்த்தம் கேட்டு, அதற்கு மெட்டுப் போட்டார். ‘பம்பாய் ரவி’ என்று புதுப் பெயரே வந்துவிட்டது. ‘வைசாலி’, ‘ஒரு வடக்கன் வீரகாதா’, ‘சர்கம்’, ‘பரிணயம்’ என்று போய்க்கொண்டே இருந்தது. நம்ம சித்ராவுக்கு ‘சிந்து பைரவி’க்கு அடுத்தபடியாகக் கிடைத்த இரண்டு தேசிய விருதுகளும் ரவியின் பாட்டுகளுக்குத்தான். ரவிக்கே தேசிய விருது வந்தது 1994-ம் ஆண்டுப் படங்களான ‘சுக்ருதம்’, ‘பரிணயம்’ ஆகியவற்றுக்காக. முப்பது வருடம் இந்தியில் உழைத்தவருக்கு அந்த விருதைத் தந்தது மலையாளம்!

மலைக்கு மேற்குப் பக்கம் இதெல்லாம் கல்யாண வீட்டுப் பாட்டு. கிழக்குப் பக்கம் இறங்கினால், தெரிந்தவர்களைத் தேட வேண்டும்.

ஆர்.டி.பர்மன் கதை இதற்கு நேர் எதிர். 1980களின் பின்பாதியில் தயாரிப்பாளர்கள் அவரைக் கைவிட்டார்கள், இதய நோய் வேறு. அந்த நேரத்தில்தான் விஜயகாந்த் - நதியா நடித்த ‘பூ மழை பொழியுது’ (1987), ஏவி.எம்.மின் சத்யராஜ் படம் ‘உலகம் பிறந்தது எனக்காக’ (1990) என்று தமிழுக்கும் வந்தார். உண்மையைச் சொன்னால், இவற்றில் அவருடைய முழு வீச்சைப் பார்க்க முடியாது. அதைக் கேட்க வேண்டிய இடம் அதே 1987-ல் வந்த குல்சாரின் ‘இஜாஸத்’. மொத்தம் நான்கே பாட்டு. நான்கும் ஆஷா போஸ்லே தனியாகப் பாடியவை. அதில் ஒரு பாட்டு, எதுகை மோனை இல்லாமல், ஒரு பெண் எழுதும் கடிதம்போல் ஓடும். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும், நாளைக்கு செய்தித்தாளைக் கொடுத்து மெட்டுப் போடச் சொல்வாய் போலிருக்கிறதே என்று பர்மன் அலுத்துக்கொண்டதை குல்சார் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆஷா, குல்சார் இருவருக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது அந்தப் பாட்டுதான். பர்மன் 1994 ஜனவரியில் இறந்தார். ‘1942: எ லவ் ஸ்டோரி’ வெளிவந்து ஊரே கொண்டாடியபோது அவர் இல்லை.

கொடைக்கானலுக்கு வருகிற இளைஞர் கூட்டம் இப்போது நேராகக் குணா குகைக்குத்தான் போகிறது. 1991-ல் வந்த ஒரு பாட்டை, 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் புதிதாய்ப் பிறந்ததுபோல் ஆக்கிவிட்டது. ஆனால் அது ஏற்கெனவே ஹிட்டான பாட்டு. திரைக்கே வராத படத்தின் பாட்டுக்கு யார் குகை தேடித் தருவார்கள்?

அப்படி ஒன்று தமிழிலேயே இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் ‘செம்மீன்’ ராமு காரியத் ‘கரும்பு’ என்றொரு தமிழ்ப் படம் எடுத்தார். இசை சலீல் சௌத்ரி. படம் வெளியாகவே இல்லை. அதற்காக சலீல் எடுத்துக்கொண்ட வரிகள் இளங்கோவடிகளுடையவை: புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடும், சிலப்பதிகாரத்தின் கானல் வரி. மெட்டுப் போட்டவர் ஒரு வங்காளி. யேசுதாஸ் குரலில் ஒன்று, சுசீலா குரலில் ஒன்று. இசைத்தட்டு மட்டும் தப்பித்தது. இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கிறது. சுசீலா பாடியதை முதலில் கேளுங்கள்.